இன்னும் எவ்வளவு கீழே இருக்கிறது?

2024 அக்டோபர் 22 அன்று ஆந்த்ரோபிக் நிறுவனம், தன் கிளாட் என்னும் செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒரு கம்ப்யூட்டரைத் தானே இயக்கும் வசதியைச் சோதனை முறையில் வெளியிட்டது. திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பார்க்கும், மவுஸை நகர்த்தும், கிளிக் செய்யும், தட்டச்சு செய்யும். அன்று அதற்குக் கொடுத்த செயல்களின் பட்டியலில் மவுஸ் சக்கரம் இல்லை. பக்கத்தின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டுமானால் பேஜ் டவுன் விசையை அழுத்திச் சமாளிக்க வேண்டியிருந்தது. மனிதர்கள் யோசிக்காமலே செய்கிற ஸ்க்ரோல், இழுத்து விடுதல், ஜூம் ஆகியவை மாதிரிக்குக் கஷ்டமாக இருக்கின்றன என்று அந்த நிறுவனமே தன் அறிவிப்பில் ஒப்புக்கொண்டிருந்தது. 20250124 என்று தேதியையே பெயரில் சுமந்து வந்த அடுத்த பதிப்பில்தான் ஸ்க்ரோல் தனிச் செயலாகச் சேர்ந்தது.

கவிதை எழுதுகிற, கணக்குப் போடுகிற மாதிரிக்கு ஸ்க்ரோல் கஷ்டமா என்று கேட்பவர்கள், நாட்றம்பள்ளி வட்டத்தில் ஒரு மனைக்கு வில்லங்கம் பார்க்க உட்கார வேண்டும். வாணியம்பாடியைத் தாண்டி கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர். 2019 நவம்பர் 28இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் வந்தது. அதற்கு முந்தைய பத்திரங்களில் வேலூர் மாவட்டம் என்றிருக்கும், இன்னும் பழையதில் வட ஆற்காடு என்றிருக்கும். முப்பது வருட வில்லங்கச் சான்று கேட்டால் பக்கம் பக்கமாக அட்டவணை வரும்: வரிசை எண், ஆவண எண், தேதி, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், சர்வே எண், நான்கு எல்லை. அத்தனை வரிகளுக்கு நடுவே ஓர் அடமானப் பதிவு இருக்கும். அதை மீட்ட ரசீது பின்னால் எங்காவது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த ஒரு வரிக்காகத்தான் முழுச் சான்றையும் படிக்கிறோம்.

நாம் படிக்கும்போது கண்ணும் விரலும் சேர்ந்து வேலை செய்கின்றன. எழுத்து நகர்வதைக் கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் வேகமாகப் போய்விட்டால் விரல் தானாக நின்று திரும்புகிறது. கணினியை இயக்கும் ஏஜென்டுக்கு இந்தத் தொடர்ச்சி கிடையாது. ஒரு ஸ்கிரீன்ஷாட் பார்க்கும், ஒரு செயலைச் சொல்லும், அடுத்த ஸ்கிரீன்ஷாட் பார்க்கும். ஆந்த்ரோபிக் வெளியிட்ட எடுத்துக்காட்டு நிரலில், செயல் முடிந்து இரண்டு விநாடி கழித்துத்தான் அடுத்த படம் எடுக்கப்படுகிறது. நடுவில் ஓடிய எதுவும் அதற்குத் தெரியாது. ஒரே தள்ளில் திரையின் உயரத்தைவிட அதிகமாக நகர்ந்துவிட்டால், இடையில் இருந்த வரிகள் எந்தப் படத்திலும் விழாது. விழவில்லை என்பதும் அதற்குத் தெரியாது. பார்த்தவரையில் அடமானம் இல்லை என்பதை ‘வில்லங்கம் ஏதும் இல்லை’ என்று நல்ல தமிழில் எழுதிக் கொடுத்துவிடும். கிளிக் தவறினால் வேறு பக்கம் திறந்து காட்டிக்கொடுக்கும், தட்டச்சு தவறினால் எழுத்துப்பிழை தெரியும். ஸ்க்ரோல் தவறினால் எதுவும் தெரியாது. ஏஜென்டின் செயல்களிலேயே அதிகம் பயப்பட வேண்டியது இதுதான் என்பது என் எண்ணம்.

இந்தத் தவறு நடக்காமல் இருக்க என்ன வழி? மாதிரியை இன்னும் கெட்டிக்காரனாக்குவது ஒன்று. அதைவிடக் குறைந்த செலவில் ஆகக்கூடியது, கருவிக்கு ஒழுங்காக விளக்கம் எழுதுவது.

மாதிரிக்குக் கருவி கொடுப்பது என்றால் அதன் கையில் எதையோ திணிப்பதல்ல. ஒரு பெயர், சில வரி விளக்கம், என்னென்ன அளவுகள் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல், இவ்வளவுதான். உரையாடல் தொடங்கும்போதே இந்த எழுத்து மாதிரியின் முன் வைக்கப்படுகிறது. அது மவுஸைப் பார்த்ததில்லை, சக்கரத்தின் பல் விரலில் இடறுவதை உணர்ந்ததில்லை. அந்தச் சில வரிகளும் பயிற்சியில் எங்கெங்கோ படித்ததும் சேர்ந்ததே அதற்குக் கருவி. மனிதருக்கு எழுதும் கையேட்டில் ஓட்டை இருந்தால் அவர் பக்கத்து மேசையில் கேட்பார், இல்லை தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வார். மாதிரி பெரும்பாலும் கேட்காது. தனக்குத் தோன்றியதை வைத்து ஓட்டையை அடைத்துக்கொண்டு மேலே போகும்.

ஆம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்பு வாசலில் லாரி ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். டிரைவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. கிளீனர் பின்னால் நின்று வண்டியைத் தட்டி ‘வரட்டும், வரட்டும்’ என்பார், சரியான இடத்தில் ‘ஹோல்டான்’ என்பார். அந்தக் குரல் நிற்காமல் வந்துகொண்டிருப்பதால்தான் வண்டி சுவரில் இடிக்காமல் நிற்கிறது. ஏஜென்ட் விஷயத்தில் கிளீனர் சில விநாடிக்கு ஒரு முறைதான் வாயைத் திறக்கிறார். அப்படியானால் புறப்படும் முன்பே எந்தப் பக்கம், எத்தனை அடி, எங்கே நிறுத்த வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கருவி விளக்கம் என்பது அந்த முன்பேச்சு.

முதலில் எந்தப் பக்கம் என்பது. இதில் என்ன குழப்பம் வரப்போகிறது என்று தோன்றும். போனில் விரல் மேலே போனால் பக்கத்தின் அடிப்பகுதி வருகிறது; மவுஸில் சக்கரத்தை நம் பக்கம் இழுத்தால் அதே அடிப்பகுதி வருகிறது. 2011இல் ஆப்பிள் தன் லயன் இயங்குதளத்தில் கம்ப்யூட்டரையும் போன் வழிக்கு மாற்றியபோது, பழகியவர்கள் எரிச்சலோடு செட்டிங்ஸைத் தேடினார்கள். நிரல்களின் உலகத்தில் இது இன்னும் மோசம். பைத்தான்காரர்கள் பயன்படுத்தும் பைஆட்டோகுய் நூலகத்தில் கூட்டல் எண் கொடுத்தால் மேலே போகும், கழித்தல் எண் கொடுத்தால் கீழே போகும். பிரவுசரின் வீல் நிகழ்விலோ கூட்டல் எண் என்றால் கீழே. இரண்டையும் படித்து வளர்ந்த மாதிரியிடம் ‘5 அளவு ஸ்க்ரோல் செய்’ என்றால் அது எந்தப் பக்கம் போகும்? ஆந்த்ரோபிக் பதிப்பில் எண்ணின் குறியை நம்பவில்லை. மேலே, கீழே, இடது, வலது என்று நான்கு சொற்களில் ஒன்றைத்தான் கொடுக்க முடியும் என்று கட்டிப்போட்டுவிட்டார்கள். நல்ல முடிவு. இப்படி வடிவத்திலேயே அடைபட்ட ஓட்டைக்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை.

எவ்வளவு என்பதுதான் பெரிய தொல்லை.

1968 டிசம்பர் 9இல் டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் மவுஸை உலகுக்குக் காட்டியபோது அதில் சக்கரம் கிடையாது. சக்கரம் பரவலாக வந்தது 1996இல், மைக்ரோசாஃப்டின் இன்டெலிமவுஸோடு. பெரிய எக்செல் தாள்களில் ஆட்கள் இங்கும் அங்கும் அலைந்து திணறுவதைப் பார்த்த எரிக் மிஷெல்மன் என்பவரின் யோசனையிலிருந்து கிளைத்தது அது. விண்டோஸில் சக்கரத்தின் ஒரு பல் நகர்ந்தால் 120 என்ற எண் போகும். பிற்காலத்தில் இன்னும் நுணுக்கமாகச் சுற்றும் சக்கரங்கள் வந்தால் அந்த 120ஐப் பங்கு போட்டுக்கொள்ளட்டும் என்று வைத்த எண் அது. லினக்ஸ் பக்கம் கதை வேறு. அங்கே எக்ஸ் விண்டோ அமைப்பு சக்கரம் வருவதற்கு முன்பே எழுதப்பட்டது. பட்டன்கள் மட்டுமே அதற்குத் தெரியும். அதனால் சக்கரத்தை மேலே உருட்டுவது நான்காம் பட்டன், கீழே உருட்டுவது ஐந்தாம் பட்டன், பக்கவாட்டில் ஆறும் ஏழும் என்று ஒப்பேற்றினார்கள். இன்றைக்கும் ஆந்த்ரோபிக்கின் எடுத்துக்காட்டு நிரலில் ஏஜென்ட் ‘கீழே, 5’ என்றால், உள்ளே ஐந்தாம் பட்டன் ஐந்து முறை கிளிக் ஆகிறது. செயற்கை நுண்ணறிவு என்று நாம் வாய் பிளக்கும் விஷயத்தின் அடியில் இப்படியெல்லாம் பழைய ஒட்டுப்போட்ட வேலை கிடக்கிறது.

பைஆட்டோகுய் அதே ஐந்தை லினக்ஸில் ஐந்து பல்லாக எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அந்த ஐந்தை அப்படியே இயங்குதளத்திடம் கொடுத்துவிடும். 120 சேர்ந்தால்தான் ஒரு பல் என்பதால், ஐந்து என்பது பல்லில் இருபத்துநான்கில் ஒரு பங்கு. பக்கம் அசைந்ததே தெரியாது. லினக்ஸில் பழகிய விளக்கத்தை வெட்டி விண்டோஸில் ஒட்டினால் ஏஜென்ட் திரும்பத் திரும்ப உருட்டும், படம் மாறாது, ‘பக்கம் முடிந்துவிட்டது’ என்று முடிவு கட்டும்.

நிறுவனங்களுக்குள்ளும் ஒரே அளவு கிடையாது. ஆந்த்ரோபிக் சக்கரப் பல்லை எண்ணுகிறது. 2025 ஜனவரியில் ஓபன்ஏஐ வெளியிட்ட ஏஜென்ட், குறுக்கே இத்தனை, நெடுக்கே இத்தனை என்று பிக்சலில் சொல்கிறது. 2025 அக்டோபரில் வந்த கூகுளின் ஜெமினி 2.5 கம்ப்யூட்டர் யூஸ் மாதிரியோ திரை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் 0 முதல் 999 வரை கட்டம் போட்டுக்கொள்கிறது. எவ்வளவு நகர வேண்டும் என்பதையும் அந்தக் கணக்கிலேயே வைத்திருக்கிறது. மூன்றிலும் நியாயம் இருக்கிறது. பல் என்பது மனிதர் செய்வதைப் போலவே இருக்கும். ஆனால் ஒரு பல்லுக்கு எவ்வளவு நகரும் என்பதை அந்தந்த அப்ளிகேஷன் முடிவு செய்யும், பிரவுசரில் ஓர் அளவு, பிடிஎஃப் திறக்கும் மென்பொருளில் வேறு அளவு. பிக்சல் துல்லியமானது, ஆனால் மாதிரிக்கு அனுப்பும் படம் சுருக்கப்பட்டிருந்தால், படத்தின் பிக்சலும் உண்மைத் திரையின் பிக்சலும் ஒன்றல்ல. எந்த அளவை எடுத்தாலும் தவறில்லை. எந்த அளவு என்று எழுதாமல் ‘அளவு: எண்’ என்று மட்டும் எழுதி வைப்பதுதான் தவறு. அப்படி எழுதப்பட்ட கருவிகள் நிறையவே இருக்கின்றன.

எங்கே என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சக்கரம் மவுஸ் முனைக்கு அடியில் இருக்கும் பெட்டியைத்தான் நகர்த்தும். நில ஆவணம் பார்க்க மாவட்டப் பட்டியலைத் திறக்கிறீர்கள் என்று வையுங்கள். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் திருவில் தொடங்குபவை மட்டும் ஒரு கொத்து: திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி, திருப்பத்தூர், திருப்பூர், திருவண்ணாமலை, திருவள்ளூர், திருவாரூர். நமக்கு வேண்டியது திருப்பத்தூர். முனை பட்டியலின் மேல் இருந்தால் பட்டியல் நகரும். ஓரத்தில் கொஞ்சம் தள்ளி இருந்தால் பின்னால் இருக்கும் பக்கம் நகரும், பட்டியல் மூடிக்கொள்ளவும் செய்யும். அதுபோக, சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் வட்டம் இருக்கிறது. இந்தக் குழப்பத்துக்குக் கருவி விளக்கம் பொறுப்பாகாது, அது நம் ஊர்ப் பெயர்களின் கைங்கரியம்.

இதைவிட ஆபத்தான இடம் எண் நிரப்பும் கட்டம். சில பிரவுசர்களில், எண் கட்டத்தைக் கிளிக் செய்துவிட்டு முனையை அங்கேயே வைத்துச் சக்கரத்தை உருட்டினால், பக்கம் நகராமல் எண் ஏறும், இறங்கும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பில்லில் 1200 ஜோடி என்று நிரப்பிவிட்டு, கீழே இருக்கும் ‘சேமி’ பட்டனைத் தேடி ஐந்து பல் உருட்டினால் 1195 ஆகிவிடும். கணக்குப் பிள்ளைகளுக்கு இது பழைய எரிச்சல், பார்த்துத் திருத்திவிடுவார்கள். ஏஜென்ட் அடுத்த படத்தில் ‘பக்கம் நகரவில்லை’ என்று மட்டும் கவனித்து, இன்னும் ஐந்து உருட்டும். ‘எண் கட்டத்தின் மேல் முனையை வைத்து உருட்டாதே’ என்ற ஒரு வரி இதைத் தடுக்கும். அந்த வரி எந்தக் கணினி அறிவியல் பாடப்புத்தகத்திலும் வராது. பில் போட்டவர்களிடம் கேட்டு எழுதினால்தான் வரும்.

நான்காவது விஷயம் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது. அதிகம் எழுதப்படாமல் விடப்படுவதும் இதுவே. ஸ்க்ரோல் பட்டை வலது ஓரத்தில் எப்போதும் தெரிந்த காலத்தில், பாதிக்கு வந்திருக்கிறோமா, முடிவுக்கு வந்துவிட்டோமா என்று பார்த்தவுடன் தெரிந்தது. பல திரைகளில் இப்போது உருட்டும்போது மட்டும் அந்தப் பட்டை தலைகாட்டி மறைகிறது. இரண்டு விநாடி கழித்து எடுக்கும் படத்தில் அது இருக்காது.

இதற்கு ஒரு நல்ல விடை 2024இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட் என்பது அதன் பெயர். ஐஐடி மெட்ராஸில் படித்து இப்போது பிரின்ஸ்டனில் பேராசிரியராக இருக்கும் கார்த்திக் நரசிம்மனின் குழு செய்தது. நிரல்களில் இருக்கும் பிழைகளைத் தானாகத் திருத்தும் ஏஜென்ட் அது. அவர்கள் கேட்ட கேள்வி எளியது: மனிதருக்குத் திரையும் மவுஸும் வடிவமைத்தது போல, மாதிரிக்கென்று தனியாக ஓர் இடைமுகம் வடிவமைத்தால் என்ன?

அதில் கோப்புகளைப் படிக்க ஒரு சிறு ஜன்னல் வைத்தார்கள். ஒரு நேரத்தில் 100 வரி தெரியும். கீழே போ, மேலே போ, இந்த வரிக்குப் போ என்று கட்டளைகள். ஜன்னலின் அளவை மாற்றி மாற்றிச் சோதித்தபோது வந்த முடிவு சுவையானது. 100 வரி ஜன்னலில், கொடுத்த பிழைகளில் 18 சதவீதத்தை ஏஜென்ட் சரியாகத் திருத்தியது. 30 வரியாகக் குறைத்தபோது 14.3 சதவீதம். ஜன்னலே வேண்டாம் என்று முழுக் கோப்பையும் மொத்தமாகக் கொடுத்தபோது 12.7. அதாவது, ஸ்க்ரோலே தேவைப்படாதபடி எல்லாவற்றையும் கொட்டிக் கொடுத்ததுதான் மூன்றிலும் மோசம். அளவாகப் பார், நகர், மறுபடி பார் என்பது மனிதக் கண்ணின் பலவீனத்துக்காக வந்த ஏற்பாடு என்று நாம் நினைத்திருந்தோம். மாதிரிக்கும் அது உதவுகிறது.

அந்த ஜன்னலில் மூன்று சின்ன விஷயங்கள் உண்டு. ஜன்னலின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் ‘இன்னும் மேலே இத்தனை வரிகள்’, ‘இன்னும் கீழே இத்தனை வரிகள்’ என்று எழுத்தில் வரும். ஒவ்வொரு வரிக்கும் எண் இருக்கும். கீழே போகும்போது முந்தைய ஜன்னலின் கடைசி இரண்டு வரிகள் புதிய ஜன்னலின் தலையில் மறுபடி வரும். பிரவுசர்காரர்களுக்கும் இது தெரிந்ததே. குரோமில் பேஜ் டவுன் அழுத்திப் பாருங்கள். முழுத் திரை அளவு நகராது, எட்டில் ஏழு பங்குதான் நகரும். மிச்சமுள்ள அந்த ஒரு பங்கு, விட்ட இடத்தைக் கண் பிடித்துக்கொள்வதற்காக. சக்கரத்துக்கு அந்தப் புத்தி இல்லை. எத்தனை பல் சொன்னாலும் அத்தனையும் உருளும். தொடக்கத்தில் ஏஜென்டுக்குப் பேஜ் டவுன் மட்டும் இருந்ததை ஒரு குறையாகச் சொன்னேன். வில்லங்கச் சான்று படிக்க அதுவே பத்திரமான வழியாக இருந்திருக்கும்.

இத்தனையும் தெரிந்துகொண்டு ஸ்க்ரோல் கருவிக்கு விளக்கம் எழுதினால் எப்படி இருக்கும்? பல இடங்களில் காணப்படுவது ‘திரையை ஸ்க்ரோல் செய்யும்’ என்ற ஒற்றை வரி. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘கொடுத்த புள்ளிக்கு மவுஸ் முனையை நகர்த்தி, அங்கே சக்கரத்தை உருட்டும். புள்ளி, கடைசி ஸ்கிரீன்ஷாட்டின் பிக்சல் கணக்கில். இடது மேல் மூலை 0, 0. அந்தப் புள்ளியில் இருக்கும் பெட்டி மட்டும் நகரும். திறந்த பட்டியலை நகர்த்த வேண்டுமானால் புள்ளி பட்டியலுக்குள் இருக்க வேண்டும். எண் நிரப்பும் கட்டத்தின் மேல் உருட்டக் கூடாது, எண் மாறிவிடும். திசை கீழே என்றால், இப்போது தெரியாமல் அடியில் இருப்பது பார்வைக்கு வரும். அளவு என்பது சக்கரப் பல்லின் எண்ணிக்கை. ஒரு பல்லுக்கு எவ்வளவு நகரும் என்பது அப்ளிகேஷனுக்கு அப்ளிகேஷன் மாறும். புதிய ஜன்னலில் முதலில் 2 பல் உருட்டி, எத்தனை வரி நகர்ந்தது என்று பார்த்துக்கொள்ளவும். எதையும் விடாமல் படிக்கும் வேலையில், முந்தைய படத்தின் கடைசி வரி புதிய படத்திலும் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மேலே திரும்பி வரவும். உருட்டியும் படம் மாறவில்லை என்றால் அதுதான் முடிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புள்ளி வேறு பெட்டியில் இருக்கலாம், பக்கம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கலாம். சற்றுப் பொறுத்து, வேறு புள்ளியில் ஒரு முறை முயன்ற பிறகே முடிவு என்று கொள்ளவும்.’

நீளம்தான். ஒவ்வொரு வேலைக்கும் மாதிரி இதைச் சுமக்க வேண்டும், சுமக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. ஆனாலும் இதில் எந்த வரியை வெட்டலாம் என்று பார்த்தால், வெட்டுகிற வரிக்கு ஒரு தவறு காத்திருக்கிறது. ஆந்த்ரோபிக் பொறியாளர்கள் 2024 டிசம்பரில் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு ஈடான அனுபவம் உண்டு. நிரல் திருத்தும் ஏஜென்ட் ஒன்றைச் செய்தபோது, மாதிரிக்குக் கொடுத்த பொதுவான அறிவுரைகளைவிடக் கருவிகளைச் சீர்ப்படுத்துவதற்கே அதிக நேரம் செலவானதாம். ஏஜென்ட் வேறு அடைவுக்கு நகர்ந்த பிறகு, கோப்பின் அரைகுறை முகவரியைக் கொடுத்துக் குழம்பிக்கொண்டே இருந்தது. எப்போதும் முழு முகவரிதான் கொடுக்க வேண்டும் என்று கருவியை மாற்றினார்கள். மாதிரியில் ஒன்றையும் தொடவில்லை, தவறு நின்றது.

ஒன்றைச் சேர்க்க மறந்ததாகச் சிலர் சொல்லக்கூடும்: ஒரு சொல்லைத் தேடத்தானே உருட்டுகிறோம், கன்ட்ரோல்-எஃப் போட்டுவிட்டால் போதாதா? ஆங்கிலப் பக்கத்துக்குப் போதும், விளக்கத்தில் அதையும் முதல் வழியாகவே எழுதலாம். தமிழ் ஆவணத்தில் அது கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. பழைய பத்திரங்கள் ஸ்கேன் செய்த படங்கள். அவற்றில் தேடுவதற்கு எழுத்தே கிடையாது. தட்டச்சு செய்த பிடிஎஃப்களிலும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை ஏராளம். கண்ணுக்கு ‘அடமானம்’ என்று அழகாகத் தெரியும். உள்ளே கிடப்பது ரோமன் எழுத்துகளின் குப்பை. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010இல். அதற்கு முன்பு அடித்தவை அப்படியே இருக்கின்றன, அதற்குப் பின்பும் பழைய பழக்கம் விடவில்லை. அப்படிப்பட்ட கோப்பில் யூனிகோடில் ‘அடமானம்’ என்று தேடினால் ‘பூஜ்யம் முடிவுகள்’ என்று வரும். ஏஜென்டும் அதை நம்பும். அதனால் நம் ஊர் ஆவணங்களுக்குக் கண்ணால் பார்த்து, வரி வரியாக நகர்ந்து படிப்பதைத் தவிர வழியில்லை. ஆங்கிலம் படிக்கும் ஏஜென்டுக்கு ஸ்க்ரோல் ஒரு வசதி என்றால், தமிழ் படிக்கும் ஏஜென்டுக்கு அதுவே முதல் வழி. இந்தக் கருவி விளக்கங்களை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேறு எங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள். தேடினால் கிடைக்கும் எழுத்துதான் அவர்கள் கண்ட எழுத்து. தேடல் பொய் சொல்லும் கோப்புகள் இருக்கின்றன என்பதை எழுத வேண்டியவர்கள் இங்கே இருப்பவர்கள்தான். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் கணினி படிக்கும் பிள்ளைகள் ஏஜென்ட் செய்து பார்க்கிறேன் என்று கிளம்பினால், முதல் நாளே ஒரு பாமினி பிடிஎஃபை அதன் முன் போட்டுப் பார்க்கட்டும்.

இந்த ஏஜென்டுகள் எவ்வளவு தேறியிருக்கின்றன என்றும் சொல்லிவிட வேண்டும். 2024 ஏப்ரலில் வெளியான ஓஎஸ்வேர்ல்ட் என்ற தேர்வில் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டிய 369 வேலைகள் இருந்தன. மனிதர்கள் 72 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகச் செய்தார்கள். அப்போதைய சிறந்த மாதிரி 12 சதவீதத்தைத்தான் தாண்டியது. அதே ஆண்டு அக்டோபரில் கிளாட் 14.9 எடுத்தது, மூன்று மாதம் கழித்து ஓபன்ஏஐயின் ஏஜென்ட் 38.1 எடுத்தது. ஏறுகிற வேகத்தைப் பார்த்தால், இ-சேவை மையங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் ‘நீங்க உட்காருங்க, இதுவே பார்த்துச் சொல்லிடும்’ என்கிற நாள் தூரத்தில் இல்லை.

அந்த நாளில் மனை வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். வில்லங்கச் சான்றின் ஒவ்வொரு பதிவுக்கும் இடது ஓரத்தில் ஒரு வரிசை எண் இருக்கும். ஏஜென்ட் சுருக்கம் தரும்போது, எத்தனை பதிவு பார்த்தது என்று அந்த எண்களோடு பட்டியல் போடச் சொல்லுங்கள். 1, 2, 3 என்று விடாமல் வந்து, கடைசி எண் சான்றின் கடைசிப் பக்கத்து எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே ஒருமுறை சரிபாருங்கள். நடுவில் ஓர் எண் விட்டிருந்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.